பாரி சாண்டர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து பக்கம் புதிதாக எட்டிப் பார்க்கிறவர்கள் யூடியூபில் முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இவருடைய ஓட்டங்களில்தான். அதன் பிறகு எழும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இவ்வளவு நன்றாக ஆடியவர் ஏன் பாதியில் விட்டுப் போனார், கையில் ஒரு கோப்பைகூட ஏன் இல்லை, பேக்ஸ் அனுப்பி ஓய்வை அறிவித்தார் என்ற கதை நிஜம்தானா என்று கேட்பார்கள். அவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பக்கம்.

பாரி சாண்டர்ஸ் யார்?

என்.எஃப்.எல். தொழில்முறைப் போட்டிகளில் 1989 முதல் 1998 வரை பத்துப் பருவங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு மட்டுமே ஆடிய ரன்னிங் பேக். 153 ஆட்டங்கள், 15,269 யார்டு ஓட்டம், ஓடியே எடுத்த 99 டச்டவுன்கள். ஆடிய பத்து வருடமும் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். நான்கு முறை (1990, 1994, 1996, 1997) லீகிலேயே அதிக யார்டு ஓடியவர். 1999 ஜூலையில், 31 வயது முடிந்த சில நாட்களிலேயே, ஆட்டத்தை விட்டுவிட்டார்.

எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. ரன்னிங் பேக் என்பவர் என்ன செய்வார்?

சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 யார்டு. ஒரு யார்டு என்பது மூன்று அடி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிராளியின் எல்லைக்குள் பந்தோடு நுழைந்தால் டச்டவுன், 6 புள்ளி.

பந்தை முன்னே கொண்டுபோக இரண்டு வழி உண்டு. குவாட்டர்பேக் தூக்கி எறிவார், அல்லது பின்னால் நிற்கும் ரன்னிங் பேக் கையில் கொடுப்பார். கொடுத்ததும் முன்வரிசையில் நிற்கும் 130 கிலோ ஆட்கள் எதிரணியை முட்டித் தள்ளி ஒரு சந்து உண்டாக்குவார்கள். ரன்னிங் பேக் அந்தச் சந்தில் புகுந்து ஓட வேண்டும். ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக 4 யார்டு எடுத்தால் நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். சாண்டர்ஸின் வாழ்நாள் சராசரி 5.

அடி வாங்கும் வேலை இது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் முழு வேகத்தில் வந்து மோதுவார். அதனால்தான் ரன்னிங் பேக்குகளின் ஆட்ட ஆயுள் மற்றவர்களைவிடக் குறைவு. முப்பதைத் தாண்டியும் உச்சத்தில் இருப்பது அபூர்வம்.

எங்கே பிறந்தார்?

1968 ஜூலை 16, கேன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா. அப்பா வில்லியம் கூரை வேலையும் தச்சு வேலையும் செய்தவர். அம்மா ஷெர்லி. வீட்டில் 11 பிள்ளைகள். கோடை விடுமுறையில் மகன்களும் அப்பாவோடு கூரை ஏறினார்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு உலகத்திலேயே சிறந்த ரன்னிங் பேக் ஐம்பது, அறுபதுகளில் ஆடிய ஜிம் பிரவுன்தான். மகன் எத்தனை சாதனை படைத்தாலும் அந்தக் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. ஊரே மகனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியபோதும் வீட்டுக்குள் அந்தப் பேச்சு எடுபடவில்லை. பாரியின் அடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அப்பாவையும் சேர்த்தே பேச வேண்டும்.

பள்ளியிலேயே நட்சத்திரமா?

இல்லை. விச்சிட்டா நார்த் உயர்நிலைப் பள்ளியில் அவருடைய அண்ணன் பைரன்தான் முதலில் பெயர் எடுத்தவர். பைரன் பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். பாரி குள்ளம் என்பதால் கடைசி வருடத்தின் நான்காவது ஆட்டம் வரைக்கும் முதல் ரன்னிங் பேக்காக அவரை இறக்கவில்லை. இறக்கிய பிறகு அந்தப் பருவம் 1,417 யார்டு. ஆனால் பெரிய கல்லூரிகள் தங்களுக்கு வேண்டிய ஆட்களை ஏற்கெனவே பார்த்து வைத்துவிட்டன. 5 அடி 8 அங்குலப் பையனைத் தேடி வந்தவை மிகச் சிலவே. அவற்றில் ஓக்லஹோமா ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார்.

கல்லூரியில் 1988ஆம் ஆண்டைப் பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

ஏனென்றால் அப்படி ஒரு பருவம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முதல் இரண்டு வருடம், 1986இலும் 1987இலும், அவர் மாற்று ஆட்டக்காரர். முன்னால் இருந்தவர் தர்மன் தாமஸ். பின்னாளில் பஃபலோ பில்ஸ் அணிக்கு ஆடி, தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் புகழ்மன்றத்துக்குள் போனவர். ஒரே கல்லூரி அணியில், ஒரே இடத்துக்கு, இப்படி இரண்டு பேர்! சாண்டர்ஸுக்கு அப்போது கிடைத்தது பெரும்பாலும் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடும் வேலை. 1987இல் அதிலேயே நாட்டில் முதலிடம் பிடித்தார்.

தாமஸ் போனதும் 1988இல் இடம் காலியானது. 11 ஆட்டங்களில் 2,628 யார்டு, ஓடி எடுத்த டச்டவுன்கள் மட்டும் 37. ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 238 யார்டுக்கு மேல். நான்கு ஆட்டங்களில் 300ஐத் தாண்டினார். ஒரு ரன்னிங் பேக் ஒரே ஆட்டத்தில் 100 யார்டு எடுத்தாலே மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு விடுபாடும் உண்டு. பருவம் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்களின் எண்களை அந்தக் காலத்தில் சேர்க்க மாட்டார்கள், 2002இலிருந்துதான் சேர்க்கிறார்கள். வயோமிங் அணிக்கு எதிரான ஹாலிடே பௌலில் சாண்டர்ஸ் எடுத்த 222 யார்டும் 5 டச்டவுன்களும் அதனால் வெளியே நிற்கின்றன. சேர்த்தால் 2,850. 2024இல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்ட்டி இந்தச் சாதனையைத் துரத்தி 2,601 வரை வந்தார். 14 ஆட்டங்கள் ஆடி, அதில் பௌல் ஆட்டத்தையும் சேர்த்து, 27 யார்டு குறைவு. ஜென்ட்டியைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் ஆடியதும் அபாரமான பருவம்தான். ஆனால் 36 வருடம் கழித்து மூன்று ஆட்டம் கூடுதலாக ஆடியும் எட்ட முடியவில்லை என்றால் 1988 எவ்வளவு உயரம் என்று தெரிகிறது.

ஹைஸ்மன் கோப்பை விழாவுக்கே அவர் போகவில்லையாமே?

போக முடியாத தூரத்தில் இருந்தார். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரப்படும் அந்த விருது நியூயார்க்கில் அறிவிக்கப்பட்டபோது ஓக்லஹோமா ஸ்டேட் அணி டோக்கியோவில் இருந்தது. டெக்சஸ் டெக் அணியோடு அங்கே ஆட்டம். செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சியில் தோன்றவே அவரை மிகவும் கெஞ்ச வேண்டியிருந்தது. அன்றைய ஆட்டத்தில் 332 யார்டு. விருதில் இரண்டாம் இடம் வந்தவர் ராட்னி பீட். அடுத்த வருடம் இருவரும் ஒரே அணியில், லயன்ஸில், சேர்ந்தார்கள்.

டெட்ராய்ட்டுக்கு எப்படி வந்தார்?

1989 டிராஃப்ட்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாவது தேர்வாக. முதல் ஐந்து பேர் வரிசை இது: டிராய் எய்க்மன், டோனி மாண்டரிச், பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டீயான் சாண்டர்ஸ். ஐவரில் நால்வர் புகழ்மன்றத்தில் இருக்கிறார்கள். மாண்டரிச்சைத் தேர்ந்தெடுத்த கிரீன் பே பாக்கர்ஸ் அணியின் ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

ஒப்பந்தப் பேச்சு இழுத்தடித்து, பருவம் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போதுதான் கையெழுத்தானது. கையில் வந்த முன்பணத்தில் பத்தில் ஒரு பங்கைச் சொந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டார். பயிற்சி முகாம் என்ற ஒன்றையே பார்க்காமல் முதல் ஆட்டத்தில் இறங்கியவர், தொட்ட முதல் பந்திலேயே 18 யார்டு ஓடினார்.

10 யார்டு குறைவில் பட்டத்தை விட்டுக்கொடுத்த கதை நிஜமா?

நிஜம். இவரைப் பற்றி ஒரே ஒரு சம்பவம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

1989 பருவத்தின் கடைசி ஆட்டம், அட்லான்டா ஃபால்கன்ஸுக்கு எதிராக. லயன்ஸ் வெற்றி கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது. சாண்டர்ஸ் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவர் கணக்கில் 1,470 யார்டு. கேன்சஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒகோயே 1,480இல் இருந்தார். இன்னும் ஒன்றிரண்டு முறை பந்தைக் கையில் வாங்கினால் முதல் வருடத்திலேயே லீகின் ஓட்டப் பட்டம். பயிற்சியாளர் வெய்ன் ஃபான்டெஸ் வந்து விஷயத்தைச் சொல்லி, உள்ளே போகிறாயா என்று கேட்டார். வேண்டாம், ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்பதுதான் பதில்.

21 வயதுப் பையன்! சம்பளப் பேச்சில் அந்தப் பட்டம் எவ்வளவு உதவும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பத்து வருடம் கழித்து நடந்ததைப் புதிர் என்று எழுதியவர்கள் இந்த மதியத்தை மறந்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

அவர் ஓட்டத்தில் அப்படி என்ன இருந்தது?

முதலில் உடல். 5 அடி 8 அங்குலம், 92 கிலோ. தொடைகள் மட்டும் வேறு யாருடையவையோ போல் இருக்கும். தரைக்கு நெருக்கமாக ஓடுவதால் எதிராளிக்குப் பிடிக்கக் கிடைப்பது தோள் மட்டுமே. அதையும் சுழற்றிக் கழற்றிக்கொள்வார்.

அதைவிட முக்கியம், முழு வேகத்திலிருந்து ஒரே எட்டில் நின்று, அடுத்த எட்டில் பக்கவாட்டில் மறுபடி முழு வேகம் எடுக்கும் திறமை. கபடியில் ரெய்டு போகிறவர் இடுப்பை ஒரு பக்கம் ஆட்டிக் காட்டி மறுபக்கம் நழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே ஓட்டத்தின் நடுவில், கையில் பந்தோடு, நான்கைந்து பேருக்கு அடுத்தடுத்துச் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. 1994இல் நியூ இங்கிலாந்து ஆட்டத்தில் ஹார்லன் பார்னெட் என்ற தடுப்பாட்டக்காரரை ஒரே ஓட்டத்தில் அவர் சுற்றவிட்ட காட்சி இன்றும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாவம் பார்னெட். நல்ல ஆட்டக்காரர், ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு காட்சிக்காக.

சந்து எங்கே திறக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறதோ அங்கேதான் மற்றவர்கள் போவார்கள். சாண்டர்ஸ் போய்ப் பார்ப்பார். அடைத்திருந்தால் திரும்பி, மைதானத்தின் மறு ஓரத்துக்கு ஓடி, அங்கே ஒரு வழி கண்டுபிடிப்பார். அவருடைய சொந்த அணி முன்வரிசைக்கே அவர் எந்தப் பக்கம் வருவார் என்று தெரியாது.

பின்னோக்கிப் போய் யார்டை இழந்ததும் அதிகம் என்கிறார்களே?

உண்மைதான். ஓட ஆரம்பித்த இடத்துக்கும் பின்னாலேயே பிடிபட்ட ஓட்டங்கள் அவர் கணக்கில் 300க்கும் மேல். 1994 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் நடந்த ப்ளேஆஃப் ஆட்டத்தில் (பருவம் முடிந்தபின் சாம்பியனைத் தீர்மானிக்க நடக்கும் சுற்று அது) 13 முறை ஓடி மொத்தம் எடுத்தது மைனஸ் 1 யார்டு. வாழ்நாளின் மோசமான நாள் அதுதான்.

குறை சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வந்த வருடங்களில் லயன்ஸ் ஆடியது ரன் அண்ட் ஷூட் என்ற முறை. நான்கு பேர் பந்தைப் பிடிக்கப் பரவி ஓடுவார்கள். பின்னால் சாண்டர்ஸ் தனியாக. முன்னே ஓடி வழி திறந்துகொடுக்கும் ஃபுல்பேக் கிடையாது. பக்கத்தில் நின்று முட்டும் டைட் எண்ட் கிடையாது. பந்து கைக்கு வரும்போதே எதிராளி மூக்குக்கு முன்னால் நிற்பார். அந்த இடத்தில் வேறொருவர் இரண்டு யார்டு இழந்து கீழே விழுந்திருப்பார். சாண்டர்ஸ் ஐந்து யார்டு இழப்பார், அல்லது ஐம்பது எடுப்பார். இந்தப் பேரத்தை எந்தப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் குறுகிய தூரம் தேவைப்படும் நேரத்தில் அவரை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளை இறக்கியதும் நடந்திருக்கிறது.

டச்டவுன் எடுத்தால் கொண்டாட மாட்டாரா?

மாட்டார். பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆள் இருந்தும் லயன்ஸ் ஏன் ஜெயிக்கவில்லை?

லயன்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1957இல், சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் பிறப்பதற்கு முன். சாண்டர்ஸ் காலத்தில் ஐந்து முறை ப்ளேஆஃப் சென்றார்கள். ஆறு ஆட்டத்தில் ஒரு வெற்றி, ஐந்து தோல்வி.

அந்த ஒரு வெற்றி வந்த 1991 பருவம்தான் உண்மையான வாய்ப்பு. 12 வெற்றி, 4 தோல்வி. ஆனால் நவம்பர் 17 அன்று ராம்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் முன்வரிசை வீரர் மைக் அட்லிக்குக் கழுத்தெலும்பு நொறுங்கி நெஞ்சுக்குக் கீழே உடல் செயலிழந்தது. படுக்கையில் வைத்து வெளியே தூக்கிப் போகும்போது அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அதையே அடையாளமாக வைத்துக்கொண்டு அணி பருவத்தின் மிச்சத்தை ஆடியது. 1992 ஜனவரி 5 அன்று டாலஸ் கௌபாய்ஸை 38-6 என்று நொறுக்கினார்கள். அதில் சாண்டர்ஸின் 47 யார்டு டச்டவுன் ஓட்டம் ஒன்று உண்டு. ஆட்கள் கூடி நிற்கும் குவியலுக்குள் மறைந்து, அடுத்த நொடி தனியாக வெளியே ஓடிக்கொண்டிருப்பார். அடுத்த வாரம் வாஷிங்டனிடம் 41-10 தோல்வி. சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்னால் நின்றுபோனது.

அந்தக் கோடையில் இன்னொரு முன்வரிசை வீரர் எரிக் ஆண்டோல்செக் தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது சாலை விலகி வந்த லாரி மோதி இறந்தார். ஆறேழு மாதத்துக்குள் முன்வரிசையில் இரண்டு பேர் போனார்கள்.

மீதியைத் துரதிர்ஷ்டத்தின் மேல் போட முடியாது. குவாட்டர்பேக் இடத்தில் பீட், கிரேமர், வேர், கிரீக், மிட்செல், பேட்ச் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லோமஸ் பிரவுன், கெவின் குளோவர் போன்ற நம்பகமான முன்வரிசை ஆட்களை நிர்வாகம் விட்டுவிட்டது. குளோவர் சாண்டர்ஸின் நெருங்கிய நண்பர். 1998 பருவத்துக்கு முன் அவர் போனது சாண்டர்ஸை எவ்வளவு பாதித்தது என்பதைப் பிற்பாடு சாண்டர்ஸே எழுதியிருக்கிறார்.

1997 ஏன் சிறப்பு?

முதல் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 53 யார்டு. வயதாகிவிட்டது என்ற பேச்சு கிளம்பியது. அதன்பின் 14 ஆட்டங்களிலும், ஒன்றுகூட விடாமல், 100 யார்டுக்கு மேல். அந்தப் பதினான்கின் கூட்டுத்தொகை துல்லியமாக 2,000. மொத்தம் 2,053. ஓ.ஜே. சிம்ப்சன், எரிக் டிக்கர்சன் ஆகியோருக்குப் பிறகு 2,000ஐத் தொட்ட மூன்றாவது ஆள். கிரீன் பேயின் பிரெட் ஃபாவ்ரோடு சேர்ந்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டார்.

நவம்பர் 27, நன்றி நவிலல் நாள். டெட்ராய்ட்டில் அன்று லயன்ஸ் ஆட்டம் என்பது 1934 முதல் வழக்கம். சிகாகோ பேர்ஸுக்கு எதிராக 167 யார்டு, மூன்று டச்டவுன். வாழ்நாள் பட்டியலில் டிக்கர்சனைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தார். மேலே மீதி இருந்தவர் வால்டர் பேட்டன் ஒருவரே.

2,000ஐ எட்டிய கடைசி ஆட்டம் ஜெட்ஸுக்கு எதிராக. 184 யார்டு ஓடினார். அணி 13-10 என்று வென்று ப்ளேஆஃபுக்குத் தகுதி பெற்றது. ஆனால் அதே ஆட்டத்தில் லயன்ஸின் ரெஜ்ஜி பிரவுன் தண்டுவடத்தில் அடிபட்டு மூச்சில்லாமல் கிடந்தார். மைதானத்திலேயே உயிர் மீட்டார்கள். பின்னாளில் அவர் எழுந்து நடந்தார், ஆனால் மறுபடி ஆடவில்லை. சாண்டர்ஸ் சாதனை படைத்த அந்த மாலை அப்படித்தான் முடிந்தது.

எம்மிட் ஸ்மித்தா, சாண்டர்ஸா?

தொண்ணூறுகளின் சண்டை இது; இப்போதும் தீரவில்லை. எம்மிட் ஸ்மித் பெரும்பாலும் டாலஸ் கௌபாய்ஸுக்கு ஆடிய ரன்னிங் பேக். எண்களைப் பார்த்தால் ஸ்மித் 15 பருவம், 4,409 ஓட்டம், 18,355 யார்டு, சராசரி 4.2, மூன்று சூப்பர் பௌல். சாண்டர்ஸ் 10 பருவம், 3,062 ஓட்டம், 15,269 யார்டு, சராசரி 5.

ஸ்மித்துக்கு முன்னால் அந்தக் காலத்தின் சிறந்த முன்வரிசை, டேரில் ஜான்ஸ்டன் என்ற ஃபுல்பேக், டிராய் எய்க்மன் என்ற நிலையான குவாட்டர்பேக். இதைச் சொல்லி ஸ்மித்தை மட்டம் தட்டுவது நியாயமில்லை. முட்டிக்கொண்டு கிடைத்த நான்கு யார்டைத் தவறாமல் எடுப்பது, அடிபட்டும் ஆடுவது, கடைசிக் கட்டத்தில் பந்தைத் தவறவிடாமல் இருப்பது எல்லாம் தனித் திறமை. கோப்பை வேண்டும் என்றால் நான் ஸ்மித்தைத்தான் எடுப்பேன். ஆனால் நுழைவுச் சீட்டு என் காசில் வாங்குவதாக இருந்தால் சாண்டர்ஸ்.

1999இல் உண்மையில் என்ன நடந்தது?

1998 பருவத்தில் லயன்ஸ் 5 வெற்றி, 11 தோல்வி. சாண்டர்ஸ் 1,491 யார்டு. தொழில்முறைக்கு வந்த முதல் பத்து வருடமும் 1,000 யார்டைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். பேட்டனின் 16,726ஐ முந்த 1,458 யார்டு போதும். அவர் வழக்கமாக ஓடுவதை ஓடினால் ஒரே வருடம். ஊரே அந்த வருடத்துக்காகக் காத்திருந்தது.

பயிற்சியாளர் பாபி ராஸ் மாதக்கணக்கில் தொடர்புகொள்ள முயன்றார். பதிலே வரவில்லை. ஜூலை கடைசி வாரம், பயிற்சி முகாம் தொடங்க இருந்த நேரத்தில், சொந்த ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு பேக்ஸ் வந்தது. ஓய்வு பெறுகிறேன்; ஆட்டத்தில் தொடரும் ஆசையைவிட வெளியேறும் ஆசை பெரிதாகிவிட்டது என்பதுதான் அதன் சாரம். அணிக்கும் ரசிகர்களுக்கும் நன்றி. பத்திரிகையாளர் சந்திப்பு கிடையாது, கண்ணீர் கிடையாது. செய்தி வெடித்தபோது அவர் லண்டனில் இருந்தார்.

இதில் ஒரு விந்தை உண்டு. அப்பாவின் நாயகன் ஜிம் பிரவுனும் 1966 கோடையில், உச்சத்தில் இருந்தபோதே, இங்கிலாந்தில் திரைப்படப் பிடிப்பில் இருந்தபடிதான் ஓய்வை அறிவித்தார்.

ஏன் போனார்? காயமா?

காயம் இல்லை. 1993இல் முழங்கால் காயத்தால் ஐந்து ஆட்டம் தவறவிட்டது தவிர அவர் பெரிதாக முடங்கியதே இல்லை.

அப்போது அவர் காரணம் சொல்லவில்லை. 2003இல் வெளிவந்த தன்வரலாற்றில் சொன்னார்: தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது, நிர்வாகத்துக்கு ஜெயிக்கும் எண்ணம் இருப்பதாகவே தெரியவில்லை. நல்ல ஆட்களை அனுப்பிவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம் என்று சொல்வதைப் பத்து வருடத்தில் எத்தனை முறை கேட்பது? சாதனை மட்டும் அவரைப் பிடித்து வைக்கும் என்று மற்றவர்கள் நம்பினார்கள். 10 யார்டுக்காக எழுந்து போகாதவர் 1,458 யார்டுக்காக ஏன் இருக்க வேண்டும்?

முடிவில் எனக்குக் குறையில்லை. சொன்ன விதத்தில் உண்டு. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அணி வேறு ஆளைத் தேடியிருக்கும், டெட்ராய்ட்காரர்கள் கடைசியாக ஒரு முறை எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள். பத்து வருடம் மோசமான அணிக்குச் சீட்டு வாங்கியவர்களுக்கு அவ்வளவாவது செய்திருக்கலாம். 2023இல் வந்த ஆவணப்படத்தில் மகன்களோடு மறுபடி லண்டன் போய் அந்த நாட்களைப் பேசினார். அப்போதும் நாடகத்தனமாக எதுவும் சொல்லிவிடவில்லை.

பணத் தகராறு என்றார்களே?

1997இல் ஆறு வருட ஒப்பந்தம் போட்டபோது 11 மில்லியன் டாலர் முன்பணம் வாங்கியிருந்தார். பாதியிலேயே போனதால் 5.5 மில்லியனைத் திருப்பித் தரச் சொன்னது அணி. வேறு அணிக்குப் போக விட்டால் தருகிறேன் என்றது அவர் தரப்பு, லயன்ஸ் மறுத்தது. கடைசியில் நடுவர் தீர்ப்பாயம் ஒரு பகுதியை உடனேயும், ஓய்விலேயே இருந்தால் மீதியை வருடா வருடமும் கட்டச் சொன்னது. பிற்காலத்தில் லயன்ஸின் இன்னொரு பெரிய ஆட்டக்காரரான கால்வின் ஜான்சனும் 2016இல் முப்பது வயதில் விலகினார், அவரிடமும் முன்பணத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கினார்கள். ஒரே தவறை அணி இரண்டு முறை செய்தது.

பேட்டனின் சாதனை பிறகு என்ன ஆனது?

2002 அக்டோபரில் எம்மிட் ஸ்மித் தாண்டினார். சாண்டர்ஸ் இன்றும் நான்காம் இடத்தில் இருக்கிறார். ஸ்மித், பேட்டன், ஃபிராங்க் கோர் மூவரும் மேலே.

லயன்ஸோடு சமாதானம் ஆயிற்றா?

மெதுவாக ஆனது. 2004இல் தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். மேடையில் அறிமுகம் செய்துவைத்தவர் அப்பா வில்லியம். அதே வருடம் அணி 20ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. அவருக்கு மட்டுமல்ல, அதே எண்ணை முன்பு அணிந்த லெம் பார்னி, பில்லி சிம்ஸ் ஆகியோருக்கும் சேர்த்து. பிறகு அணியின் தூதுவராக வந்தார். 2023 செப்டம்பரில் ஃபோர்டு ஃபீல்டு மைதானத்துக்கு வெளியே எட்டடி உயரச் சிலை வைத்தார்கள். நாலு மாதத்தில், 2024 ஜனவரி 14 அன்று, லயன்ஸ் ராம்ஸை 24-23 என்று வென்றது. அவர் ஆடிய அந்த 1992 வெற்றிக்குப் பிறகு கிடைத்த முதல் ப்ளேஆஃப் வெற்றி.

இப்போது எப்படி இருக்கிறார்?

2024 ஜூனில், தந்தையர் தின வார இறுதியில், இதயத்தில் பிரச்சினை வந்ததாக அவரே அறிவித்தார். மாரடைப்பு என்று அடுத்த வருடம் வெளிப்படையாகச் சொன்னார். இப்போது கொழுப்பு அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களை வற்புறுத்தும் வேலையிலும் இருக்கிறார். மகன் பாரி ஜே. சாண்டர்ஸ் ஸ்டான்ஃபோர்டிலும், கடைசி வருடம் அப்பாவின் ஓக்லஹோமா ஸ்டேட்டிலும் ரன்னிங் பேக்காக ஆடியவர்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் எது?

1997 அக்டோபர் 12, டாம்பா பே பக்கனியர்ஸுக்கு எதிராக. அந்த வருடம் டாம்பாவின் தடுப்பு லேசுப்பட்டதில்லை. அவர்கள் ஊரிலேயே 215 யார்டு, அதில் 80 யார்டைத் தொட்ட டச்டவுன்கள் இரண்டு. முதல் தடவை அவரைப் பாருங்கள். இரண்டாவது தடவை ஓட்டிப் பார்க்கும்போது அவரை விட்டுவிட்டு, துரத்துகிறவர்களின் கால்களை மட்டும் கவனியுங்கள்.